தாளிலிருந்து கேமராவுக்கு

(நூலக அரங்கு ஒன்றில் புகைப்பட ஆர்வலர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புகைப்படக்காரன் என்று தெரிந்துவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது "எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "எந்தப் படத்தை, எந்த அளவில், எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள்?" பெரும்பாலும் இதற்குப் பதில் வருவதில்லை. எடுத்த படம் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்கும் பழக்கமே நம்மை விட்டுப் போய்விட்டது. இன்று மாலை நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: தாளிலிருந்து தொடங்குங்கள். தாள் முடிவானால் மை முடிவாகும். மை முடிவானால் பிரிண்டர். அதற்குப் பிறகு மானிட்டரும் மென்பொருளும். கேமரா கடைசி. கடையில் நடப்பது இதற்கு நேர் எதிர். கையிலிருக்கும் பணமெல்லாம் கேமராவுக்கே போய்விடுகிறது. எடுத்த படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? நம் பக்கத்தில் ஒரு வீட்டில் துக்கம் நடந்த இரவை நினைத்துப் பாருங்கள். விடிவதற்குள் போஸ்டருக்குப் படம் கொடுக்க வேண்டும். வீட்டில் நாலைந்து போன் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் படங்கள் இருக்கும். ஆனால் இறந்துபோனவர் தனியாக, நிமிர்ந்து, முகம் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று அகப்படாது. கல்யாண வீட்டில் மூன்றாவது வரிசையில் நின்றதையோ, ஆதார் அட்டையில் இருப்பதையோ வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் பிளெக்ஸ் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரர் பின்னணியை அழித்து, முகத்தை வெளுப்பாக்கி, சட்டையைக்கூட மாற்றித் தருவார். காரியம் முடிந்த பிறகு அதே படம் பெரிதாகி, பிரேமுக்குள் போய், பொட்டும் மாலையுமாகச் சுவரில் ஏறும். பேரப்பிள்ளைகளுக்கு இனி அதுதான் தாத்தாவின் முகம். ஒரு தமிழ் வீட்டில் மிக அதிகமாகப் பார்க்கப்படுகிற புகைப்படம் இது. இதைத்தான் நாம் மிக அவசரமாக, மிக மோசமான மூலத்திலிருந்து அச்சிடுகிறோம். பெரியவர்கள் நன்றாக நடமாடும்போதே நல்ல படம் எடுத்து, நல்ல தாளில் அச்சிட்டு, அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை. நான் பேசப்போகிற கருவிகள் எல்லாம் அந்த ஒரு படத்துக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படம் எத்தனை காலம் இருக்க வேண்டும்? 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராகத் தஞ்சாவூருக்கு வந்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார். மெழுகு ஏற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்குச் சுருளாக்கினார். பின்னர், இது தேவையில்லாத செலவு என்று ஆளுநர் டிரெவெலியன் அந்த வேலையையே நிறுத்திவிட்டார். ஆனால் அச்சுகள் இருக்கின்றன. கல்லில் வெட்டிய எழுத்தை இன்றும் அதில் பார்க்கலாம்.

இப்போது உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் 1970களின் கலர் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். பச்சைப் புடவையும் நீலச் சட்டையும் போய், எல்லாரும் செங்கல் நிறத்தில் நிற்பார்கள். வெயில் பட்டு அப்படி ஆகவில்லை. அந்தக் காலத்துக் கலர் தாளில் இருந்த சயான் சாயம், அதாவது பச்சையையும் நீலத்தையும் கட்டிக்காக்கிற சாயம், பெட்டிக்குள் இருட்டில் வைத்தாலும் தானாகவே சிதையக்கூடியது. அது போனதும் சிவப்பும் மஞ்சளும் மட்டும் மிஞ்சும். அதே பரணில் 1950களின் கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் அது அப்படியே இருக்கும். காரணம், அதில் படத்தைத் தாங்குவது சாயம் அல்ல, வெள்ளித் துகள். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் விற்றதும் இந்த வெள்ளி பூசிய பிலிமும் தாளும்தான். அந்த ஆலை இன்று இல்லை. அதன் தாளில் போட்ட படங்கள் நம் வீடுகளில் இருக்கின்றன.

வீட்டு பிரிண்டரிலும் கேள்வி இதேதான்: படத்தைத் தாங்குவது எது? இங்க்ஜெட் மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று டை மை. இது சாயம், தண்ணீரில் கரைந்திருக்கும், தாளுக்குள் ஊறிப் போகும். பளபளப்புத் தாளில் இதன் நிறம் கண்ணைப் பறிக்கும். மற்றது பிக்மென்ட் மை. இதில் நிறம் நுண்ணிய துகளாக இருக்கும். தாளின் மேற்பரப்பில் தங்கும். வெளிச்சத்தையும் காற்றையும் ஈரத்தையும் பிக்மென்ட் மை வெகுவாகத் தாங்கும். டை மைக்கு வெளிச்சம் மட்டும் எதிரி இல்லை, காற்றில் இருக்கும் ஓசோனும் எதிரி. உடனே காய்கிற தாள்களின் மேல்பூச்சில் நுண்துளைகள் இருக்கும். அந்தத் துளை வழியாகக் காற்று போய்ச் சாயத்தைத் தின்னும். ஜன்னலோரம் கண்ணாடியில்லாமல் செருகி வைத்த பிரிண்ட் சில மாதங்களிலேயே மங்குவது இதனால்தான். அதே பிரிண்ட்டைக் கண்ணாடி பிரேமுக்குள் வைத்தால் ஆயுள் பல மடங்கு கூடும். வீட்டில் டை மை பிரிண்டர் மட்டும் இருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கடைப்பிடித்தாலே போதும்.

இனி எந்த பிரிண்டர் என்பதற்கு வருகிறேன். முதலில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 4-க்கு 6 அங்குலத்தில் நூறு படம் வேண்டுமானால் கலர் லேபுக்குப் போங்கள். அங்கே லேசர் ஒளியால் ஒளி உணரும் தாளில் அச்சிட்டு ரசாயனத்தில் கழுவித் தருகிற இயந்திரம் இருக்கும். அந்த விலைக்கு வீட்டில் முடியாது. வீட்டில் அச்சிடுவதன் லாபம் பணத்தில் இல்லை; படம் உங்கள் கண்ணும் மனமும் சொல்கிறபடி வரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம் என்பதில் இருக்கிறது. அது வேண்டாதவர்கள் பிரிண்டர் வாங்க வேண்டியதில்லை.

வேண்டும் என்பவர்களுக்கு மூன்று பாதை. குழந்தைகள் படம், பயணப் படம், அஞ்சலட்டை அளவு போதும், பராமரிக்க நேரமில்லை என்றால் கேனான் செல்ஃபி போன்ற டை-சப்ளிமேஷன் பிரிண்டர். அதில் மையே கிடையாது. மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று நிறம் பூசிய ரிப்பன் சூட்டில் தாளுக்கு ஏறும். நான்காவது முறை ஒரு காப்புப் பூச்சு விழும். ஆறு மாதம் தொடாமல் வைத்திருந்து எடுத்தாலும் அடைப்பு இருக்காது. ஒரு எச்சரிக்கை: தீர்ந்துபோன ரிப்பனைப் பிரித்தால் நீங்கள் அச்சிட்ட ஒவ்வொரு படமும் அதில் தெரியும். வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இரண்டாவது, ஆறு நிற டேங்க் பிரிண்டர். எப்சன் எல்8050, கேனான் ஜி570 ஆகியவை இந்த வகை. எப்சனில் வழக்கமான நான்கு நிறத்தோடு வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் இருக்கும்; கேனானில் சிவப்பும் சாம்பலும். நான்கு நிற ஆபீஸ் பிரிண்டரில் போட்ட முகத்தில் கன்னத்தருகே புள்ளி புள்ளியாகத் தெரியுமே, அதை இந்தக் கூடுதல் நிறங்கள் போக்குகின்றன. நம் ஊரில் இந்த வகை நன்றாகப் பரவியிருக்கிறது. ஸ்டூடியோவிலும், ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் அட்டை போடுவதற்கும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் ரிப்பேர் பார்க்க ஆள் கிடைப்பார். அது பெரிய விஷயம். மலிவான வேறு கம்பெனி மையும் எங்கும் கிடைக்கும். அடையாள அட்டைக்கு அதை ஊற்றுங்கள், தப்பில்லை. பாட்டியின் படத்துக்கு வேண்டாம். அந்த மையில் போட்ட படம் எத்தனை வருஷம் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். நிறமும் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும்.

மூன்றாவது, பிக்மென்ட் மை பிரிண்டர். எப்சன் பி700, கேனான் புரோ-300 இரண்டும் ஏ3-ஐவிடச் சற்றுப் பெரிய தாள் வரை பத்து காட்ரிட்ஜில் அச்சிடும். எப்சன் பி900 ஏ2 வரை போகும். விலையும் அதிகம், மையும் விலை அதிகம். தனி ஆள் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் உங்களைப் போன்ற ஒரு குழு பணம் போட்டு ஒன்றை வாங்கி, ஒருவர் பொறுப்பில் வைத்து, வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை கூடி அச்சிட்டால் அதைவிட நல்ல செலவு இருக்க முடியாது. அப்படிச் செய்யும்போது தலை காயாமலும் இருக்கும்.

தலை என்றது பிரிண்ட் ஹெட். நம் ஊர் வெயிலில் இங்க்ஜெட்டின் பெரிய பிரச்சினை இதுதான். முடியைவிட மெல்லிய துளைகள் வழியாக மை வருகிறது. பயன்படுத்தாமல் விட்டால் துளை வாயில் மை உலர்ந்து அடைத்துக்கொள்ளும். எப்சன் ஹெட்டில் மின்சாரம் பட்டால் வளைகிற படிகம் மையைத் தள்ளுகிறது. அந்த ஹெட் பிரிண்டரோடு நிலையாக இருக்கும். கேனான் ஹெட் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தள்ளுகிறது. 1977-இல் கேனான் ஆய்வுக்கூடத்தில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாக மை நிரம்பிய ஊசியில் பட்டு, முனையிலிருந்து மை தெறித்ததைப் பார்த்துப் பிறந்த யோசனை அது. ஜி570 போன்றவற்றில் ஹெட் பழுதானால் நாமே கழற்றி மாற்றலாம். எதுவானாலும் வாரத்துக்கு ஒரு கலர் படம் போட்டுவிடுங்கள். அடைப்பு வந்த பிறகு திரும்பத் திரும்ப ஹெட் கிளீனிங் கொடுத்தால் அந்த மையெல்லாம் உள்ளே இருக்கும் கழிவு மைப் பஞ்சில் போய் நிறையும். அது நிரம்பினால் பிரிண்டர் நின்றுவிடும். பிரிண்டரை மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்காமல் பிரிண்டரிலிருக்கும் பொத்தானை அழுத்தி அணையுங்கள். அப்போதுதான் ஹெட் தன் மூடிக்குள் போய் உட்காரும்.

இப்போது எனக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். நம் நிறம்.

கலர் பிலிம் காலத்தில் லேபுகள் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ஷெர்லி அட்டை என்று பெயர். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று உலகம் முழுவதும் இயந்திரங்களை அமைத்தார்கள். கறுத்த தோல் அந்தக் கணக்கிலேயே இல்லை. பழுப்பு நிறத்தின் நுட்ப வேறுபாடுகளைப் பிலிம் பிரித்துக் காட்டவில்லை என்று மரச்சாமான் கம்பெனிகளும் சாக்லேட் கம்பெனிகளும் புகார் செய்த பிறகே கோடாக் அதைத் திருத்த முனைந்தது என்று லோர்னா ராத் என்ற ஆய்வாளர் பதிவு செய்திருக்கிறார். மனிதர்களுக்காக அது நடக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிற செய்தி. கூகுள் தன் பிக்சல் 6 போனில், பலவகைத் தோல் நிறங்களையும் சரியாகக் காட்டவென்று ஓர் ஏற்பாட்டைத் தனிப் பெயரிட்டு அறிவித்தது 2021-இல்தான்.

இந்த வரலாற்றின் மிச்சம் நம் தெருவிலும் இருக்கிறது. படத்தைக் கொடுத்தால் கேட்காமலேயே முகத்தை இரண்டு மூன்று படி வெளுத்துத் தருகிறார்கள். போனில் அழகூட்டும் வசதி வாங்கும்போதே போட்டு வைத்ததாக வருகிறது. வாடிக்கையாளர் அதைத்தான் விரும்புகிறார் என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வயலில் அறுபது வருஷம் நின்ற ஒரு அம்மாவின் முகத்தில் கறுப்பு ஒரே கறுப்பு இல்லை. நெற்றியில் செம்பு ஓடும், கன்ன எலும்பின் மேல் வானத்தின் நீலம் விழும், கண்ணுக்குக் கீழே அரக்கும் கருநீலமும் கலந்திருக்கும். இவற்றைப் பிரித்துக் காட்டும் வேலையில்தான் ஒரு பிரிண்ட்டின் தரம் தெரியும். வெளுத்துவிட்டால் அவ்வளவும் ஒரு தட்டையான மஞ்சளாகிவிடும். உங்கள் வீட்டுப் பெரியவரின் நிறம் அவருடைய நிறமாகவே தாளில் நிற்க வேண்டும் என்றால், அதை உறுதி செய்யும் இடம் உங்கள் மேசைதான். வீட்டில் அச்சிட நான் சொல்லும் எல்லாக் காரணங்களிலும் இதுவே முதன்மையானது.

அதற்குச் சில வேலைகள் இருக்கின்றன. படம் எடுக்கும்போது: கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் சராசரிச் சாம்பல் என்று எண்ணிக்கொள்ளும். கறுத்த முகம் சட்டத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் கொடுத்து முகத்தை வெளுக்கும். வெள்ளை வேட்டி சட்டையோடு நிற்பவரை எடுத்தால் வெள்ளையைக் கண்டு குறைத்துவிட்டு முகத்தை இருட்டாக்கும். இரண்டையும் வெளிச்ச ஈடு அமைப்பில் கையால் திருத்தலாம். நிழலான திண்ணையில் வாசலைப் பார்த்தபடி உட்கார வைத்து எடுத்தால் பாதி வேலை மிச்சம். நேருக்கு நேர் பிளாஷ் வேண்டவே வேண்டாம். எண்ணெய் பூசிய மாதிரி மினுக்கும், அடியில் இருக்கும் நிறங்கள் மறைந்துவிடும்.

அச்சிடும்போது: பெரும்பாலோர் சொல்லும் புகார் "திரையில் நன்றாக இருந்தது, பிரிண்ட் இருட்டாக வந்திருக்கிறது" என்பது. பிரிண்டரில் கோளாறு இருக்காது. மானிட்டரை அளவுக்கு மீறிய பிரகாசத்தில் வைத்திருப்பீர்கள். திரை தானே ஒளிவிடுகிறது; தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். மானிட்டர் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான திரைகளில் பாதிக்கும் கீழே இறக்கினால் அந்த அளவு வரும். துல்லியமாகச் செய்ய ஸ்பைடர், கேலிப்ரைட் என்ற பெயர்களில் திரைமேல் தொங்கவிடும் அளவுகருவிகள் விற்கின்றன. விலையுயர்ந்த லென்ஸுக்கு முன்னால் இதை வாங்குங்கள். குழுவாக ஒன்று வாங்கி வீட்டுக்கு வீடு கைமாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது.

அடுத்தது புரொபைல். ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு மையும் நிறத்தை வேறு விதமாக ஏற்கும். அந்த வேறுபாட்டைக் கணினிக்குச் சொல்லும் சிறு கோப்பு அது. தாள் கம்பெனிகள் தங்கள் தாளுக்கும் இன்ன பிரிண்டருக்கும் உரியதை இலவசமாகத் தருகின்றன. மென்பொருளில் புரொபைலைத் தேர்ந்தெடுத்தால் பிரிண்டர் டிரைவரில் நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகம் ஊதாவாக வரும். டிரைவரில் தாளின் வகையும் சரியாக இருக்க வேண்டும். பளபளப்புத் தாளை வைத்துவிட்டு 'சாதாரணத் தாள்' என்று விட்டால் சேறுதான் வரும்.

பட்டுப் புடவை பற்றி ஒரு வார்த்தை. அரக்குச் சிவப்பு, செவ்வரளி, துலுக்கச் சாமந்தி போன்ற அடர்ந்த நிறங்களில் சென்சாரின் சிவப்பு மட்டும் முன்னதாகவே நிரம்பி வழிந்துவிடும். மொத்த வெளிச்சம் சரி என்று கேமரா சொல்லும். ஆனால் புடவையின் நெசவு மறைந்து ஒரே சிவப்புப் பட்டையாகிவிடும். சற்றுக் குறைத்து எடுங்கள். சில சிவப்பு எந்த மைக்கும் எட்டாது. நல்ல மென்பொருளில் தாளில் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே திரையில் பார்க்கும் வசதி உண்டு. அதைப் போட்டுப் பார்த்து, நிறச்செறிவைக் கொஞ்சம் இறக்கி நெசவைக் காப்பாற்றுங்கள். மயில்கழுத்துப் பட்டு மட்டும் எந்தத் தாளிலும் முழுதாக வருவதில்லை. புடவை அசையும்போது நிறம் மாறுவதுதான் அதன் அழகு, படம் அசைவதில்லை.

மென்பொருளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடோபியின் லைட்ரூம் 2007-இல் வந்தது, நல்ல மென்பொருள். இன்று மாதாமாதம் பணம் கட்டினால்தான் முழுதாக ஓடும். சம்பாதிக்கும் தொழில்காரர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு டார்க்டேபிள், ரா தெரப்பி, டிஜிகேம், கிம்ப் என்று இலவசமாகவே எல்லாம் இருக்கின்றன. டார்க்டேபிள் கற்க முதலில் கடினம். ஆனால் கற்ற பிறகு எதற்கும் குறைவில்லை. பிரிண்டர் கம்பெனிகளும் தங்கள் உயர்வகை மாடல்களுக்கு அச்சிடும் மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. புதியவர்களுக்கு அது எளிய வழி.

எதை எடுத்தாலும் ஒன்றைப் பாருங்கள்: நாளை அது நின்றுபோனால் உங்கள் படங்களும் குறிப்புகளும் உங்களிடம் இருக்குமா? கூகுள் 2004-இல் வாங்கி இலவசமாகத் தந்த பிகாசாவை எத்தனை குடும்பங்கள் நம்பியிருந்தன! 2016-இல் அதை நிறுத்தினார்கள். படங்கள் போகவில்லை, ஆனால் பலர் அதற்குள்ளேயே அடுக்கி வைத்திருந்த ஆல்பங்களை வேறு இடத்தில் மறுபடி அடுக்க வேண்டியிருந்தது. அதனால் வருஷம், மாதம், நிகழ்ச்சி என்று சாதாரணக் கோப்புறைகளிலேயே வையுங்கள். படத்தில் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதைப் படத்தின் விவரக் குறிப்பில் தமிழிலேயே எழுதுங்கள். யூனிகோடில் எழுதினால் பெரும்பாலான மென்பொருள்கள் வாசிக்கும்.

இப்போது கேமரா. தாளின் அளவிலிருந்து கணக்குப் போடுங்கள். அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்குப் போதும். 4-க்கு 6 படத்துக்கு 1200-க்கு 1800, அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்சல். ஏ4 அளவுக்கு 9 மெகாபிக்சல்கூட வேண்டாம். ஏ3-க்கு 17 அல்லது 18. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படம் அங்குலத்துக்கு 200-லேயே நன்றாக இருக்கும்; அப்படியானால் ஏ3-க்கும் 8 மெகாபிக்சல் போதும். பத்து வருஷப் பழைய, 24 மெகாபிக்சல் டி.எஸ்.எல்.ஆர். ஒன்று ஏ3 போட்டுத் தரும். மிரர்லெஸ் வந்த பிறகு அவை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது, லென்ஸில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். கடலோர ஊர்களில் பூஞ்சை சகஜம். அதனோடு 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. முகம் எடுக்க இதைவிடக் குறைந்த செலவில் நல்ல லென்ஸ் இல்லை. முடிந்தால் ரா கோப்பாகவும் எடுங்கள். நிழலில் இருக்கும் நிறங்களைப் பிறகு மீட்க அதில்தான் இடம் உண்டு.

போனே போதுமா என்று கேட்பீர்கள். பகல் வெளிச்சத்தில் ஏ4 வரை தாராளமாகப் போதும். இரண்டு மூன்று கவனம் வேண்டும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதியை அணைத்துவிடுங்கள். கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தின் பாதியைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். போன் திரையில் அது தெரியாது, ஏ4 தாளில் தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் முழுசாகப் போகும். பிறகு, போன் படம் 4-க்கு 3 விகிதம், லேபில் போடும் படம் 6-க்கு 4. படுக்கைவாட்டில் எடுத்த படத்தை நிரப்பி அச்சிடும்போது உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். கோபுரக் கலசமும் பெரியவர்களின் பாதமும் இப்படித்தான் காணாமல் போகின்றன. மேலும் கீழும் சற்று இடம் விட்டு எடுங்கள்.

அச்சிட்ட பிறகும் வேலை இருக்கிறது. முதலில் சிறு துண்டுத் தாளில் முகத்தை மட்டும் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்துத் திருத்துங்கள். இருட்டறையில் புரோமைடு தாளைக் கீற்றாக வெட்டிச் சோதித்த பெரியவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், அதே பழக்கம்தான். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுப் பிரேம் போடுங்கள். முன்பே போட்டால் மையிலிருந்து வரும் ஆவி கண்ணாடியில் புகையாகப் படியும். கண்ணாடியும் படமும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இடையில் அட்டை மவுன்ட் வையுங்கள். நம் வீட்டுப் பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு உரிய மறுப்பதற்குக் காரணம் மழைக்கால ஈரமும் இந்த இடைவெளி இல்லாததும்தான். பசை தடவிய பக்கங்களோடு வரும் ஆல்பம் வேண்டாம்.

இணையத்தின் தந்தையரில் ஒருவரான வின்ட் செர்ஃப், 2015-இல் பேசும்போது, உங்களுக்கு முக்கியமான படங்களை அச்சிட்டு வையுங்கள் என்று எச்சரித்தார். கோப்பைத் திறக்கும் மென்பொருளே ஒருநாள் இல்லாமல் போகலாம் என்பது அவர் கவலை. அதே வருஷம் டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் பல வீடுகளின் ஆல்பங்கள் நனைந்து ஒட்டிப்போயின. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கோப்பு மூன்று இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று வேறு ஊரில். பிரிண்ட் இரண்டு போடுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வெளியூரில் இருக்கும் அக்காவுக்கோ தம்பிக்கோ.

கடைசியாக, படத்தின் பின்பக்கம். பெயர், ஊர், வருஷம், உறவு. பருத்தித் தாளில் மென்மையான பென்சிலால் எழுதலாம். வழவழப்புத் தாளின் முதுகில் பென்சில் பிடிக்காது; பிக்மென்ட் மை பேனாவால் ஓரத்தில் எழுதிக் காயவிடுங்கள். 'அம்மா' என்று மட்டும் எழுதாதீர்கள். நூறு வருஷம் கழித்து எடுப்பவருக்கு யாருடைய அம்மா என்று தெரியாது.

அந்த ஜன்னலோர மேசையில் ஒரே முகத்தைப் பளபளப்புத் தாளிலும், மேட் தாளிலும், பருத்தித் தாளிலும் அச்சிட்டு வைத்திருக்கிறேன். மையும் மூன்றுக்கும் ஒன்றல்ல. எது எது என்று பின்னால் எழுதியிருக்கிறது. முதலில் திருப்பிப் பார்க்காமல், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கன்னத்தின் நிழல் பக்கம் எதில் அதிகம் தெரிகிறது என்று பாருங்கள். விரல் படலாம், அதற்காகத்தான் கொண்டுவந்தேன். கேள்விகளை அங்கேயே கேளுங்கள்.